இடது கீழ் இறக்கை

நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அந்தப் படத்தை நான் பார்த்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து கத்தினார். நான் காதிலேயே வாங்கவில்லை. கே.கே. நகர் தாண்டி ஒரு கொட்டகையில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று வரப்போகிறது, பழைய விமானங்களைப் பழுதுபார்க்கச் சம்பளமில்லாமல் வேலை செய்ய ஆட்கள் வேண்டும் என்று போட்டிருந்தது. படத்தில், இறக்கைகள் கழற்றப்பட்ட ஒரு சின்ன விமானம். அதன் பக்கவாட்டில் பாதி அழிந்த ஐந்து எழுத்துகள். அந்த எழுத்துகள் எனக்கு மனப்பாடம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த புகைப்படத்தில், என் அப்பாவின் தோளுக்குப் பின்னால் அதே ஐந்து எழுத்துகள்தான் இருந்தன.

நான் அங்கே போனது விமானத்தைப் பழுதுபார்க்க இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னக் கம்பி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் போனேன்.

அப்பா ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்தார். அந்தக் காலத்துப் பயிற்சி விமானம் மரச்சட்டமும் துணியும்தான். மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி. கீழ் இறக்கையின் பின் ஓரத்தில் கதவு மாதிரி மேலும் கீழும் அசைகிற ஒரு மடல் இருக்கும். விமானம் சாய்ந்து திரும்புவது அதனால்தான். அந்த மடலை இயக்கும் தண்டை ஒரு போல்ட் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டில் ஒரு நட்டு. நட்டு கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஒரு துளையில் இரண்டு கால் உள்ள சின்னக் கம்பியை நுழைத்துக் கால்களை மடக்கிவிடுவார்கள். ஸ்ப்ளிட் பின் என்று பெயர். இத்தனூண்டு கம்பி, ஆனால் அதை நம்பித்தான் மேலே இருக்கிறவன் உயிர்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் காலை, இடது மடல் ஆகாயத்தில் வேலை செய்யாமல் போய், விமானம் ஒரு வயலில் பக்கவாட்டில் சாய்ந்து இறங்கியது. ஓட்டிய பயிற்சி மாணவருக்குக் கால் முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. விசாரணை நடந்தது. மடலின் போல்ட்டைக் காணவில்லை, சேற்றில் விழுந்திருக்கும் என்றார்கள். ஸ்டோர் ரிஜிஸ்டரில் அந்த வாரம் யாருக்கும் பின் கொடுத்ததாக இல்லை. மெக்கானிக் பின் போட மறந்துவிட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். வேலை போயிற்று. அதன் பிறகு அப்பா லால்குடியில் ஓர் அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்தார். காலை ரயிலில் போய் ராத்திரி தவிடு படிந்த தலையோடு வருவார். எங்கள் வீட்டுக்கு மேலே விமானம் பறந்தால் தெருவே நிமிர்ந்து பார்க்கும், நாங்கள் மூன்று பேர் மட்டும் பார்க்க மாட்டோம்.

அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. எனக்கு இருபத்தொரு வயது. சென்னையில் ஒரு வேலை கிடைத்து, உடனே கிளம்புகிறேன் என்று குதித்தேன். "அவசரப்படாதம்மா, நிதானமா யோசிச்சுச் செய்" என்றார். நான் சின்ன வயதிலிருந்தே முன்கோபி. "ஒரு பின் போட மறந்தவரு எனக்கு நிதானம் சொல்லித் தர வேணாம்" என்றேன். அம்மா என்னைப் பளாரென்று அறைந்தாள். வாழ்நாளில் ஒரே அறை. அறைந்த வேகத்தில் அவள் கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவள் கொண்டை எப்போதுமே நிற்காது, நாளுக்கு இருபது தடவை அள்ளி முடிவாள். அவிழ்ந்த முடியோடு, "உனக்கு என்னடி தெரியும்? அன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். அப்பா, "வேணாம், நீ உள்ள போ" என்று தடுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அந்தத் துளையை நான் வெறுமனே விடலம்மா."

நான் நம்பவில்லை. அப்படியெல்லாம் சொல்லிச் சமாளிக்கிறவர்களை நான் பிற்பாடு முப்பது வருஷம் கணக்கு டீச்சராக வகுப்பில் தினமும் பார்த்தேன். அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அம்மாவும் அவர் பின்னாலேயே போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அந்த இறக்கைக்குள் பின் இருந்தால், அப்பா படத்துக்கு முன்னால் விழுந்து கேட்டுவிடலாம். இல்லாவிட்டால் நான் அன்று சொன்னது சரி என்று ஆகிவிடும். அதுதான் எனக்குப் பயம். சரியாகச் சொன்னதற்காகப் பயந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"பெருமாளே ஒரு கருடனை வெச்சுண்டு காலத்தை ஓட்டறார். உனக்கு எதுக்குடி பிளேன்?" என்றார் என் வீட்டுக்காரர். "பெருமாளுக்குப் பென்ஷன் வராது, எனக்கு வருது" என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். அவருக்குக்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

கொட்டகையில் சனிக்கிழமை தோறும் ஏழெட்டுப் பேர் வருவோம். எங்களுக்குத் தலைவர், பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு எவ்வளவு ஒழுங்காகப் போவாரோ அவ்வளவு ஒழுங்காகச் சனிக்கிழமை இங்கே வருவார். நாங்கள் ஃபோர்மேன் சார் என்போம், அவர் என்னை டீச்சர் என்பார். முதல் நாளே அவர் சொன்ன சட்டம் ஒன்றுதான். "விமானத்துலேருந்து வர்ற எதுவும் குப்பை இல்லீங்க. குளவிக் கூடா இருந்தாலும் கவர்ல போட்டுச் சீட்டு எழுதணும். நமக்குத் தெரியாதது அதுக்குத் தெரியும்."

அந்தச் சீட்டில் நான்கு வரி. என்ன பொருள், எங்கிருந்தது, எடுத்தவர், யாருடையது. கடைசி வரியில் எல்லோரும் 'தெரியவில்லை' என்றுதான் எழுதுவோம். இருக்கைக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட், வாலுக்குள் ஒரு ரப்பர் பந்து, எங்கிருந்தோ ஒரு வேர்க்கடலைத் தோல். வேர்க்கடலைத் தோலுக்கு யாருடையது என்று என்னத்தை எழுதுவது? ஆனால் எழுதாமல் விட்டால் ஃபோர்மேன் சார் கவரைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்.

சேர்ந்த இரண்டாவது வாரமே ஒரு காரியம் நடந்தது. பரணில் கிடந்த இறக்கைகளை இறக்கினோம். இடது கீழ் இறக்கையைத் தூக்கிச் சரித்தபோது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. எனக்குக் கை விட்டுப்போகப் பார்த்தது. "உள்ள ஏதோ கிடக்கு. அதோட முறை வரும்போது பாத்துக்கலாம்" என்றார் ஃபோர்மேன் சார். முதலில் உடம்பு, பிறகு வால், பிறகு வலது இறக்கைகள், கடைசியில்தான் இடது. அது அவர் போட்ட வரிசை. வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்டால் ஏன் என்பார். நான் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு வலது இறக்கைக்குத் துணி தைத்தேன்.

தைத்தது பொய்யில்லை, மனசாரத் தைத்தேன். புதுத் துணியைச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, நீள ஊசியால் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டுப் போக வேண்டும். ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். என்னோடு தைத்த ஒரு பல் டாக்டரை, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி ஏறுமாறாக இருந்ததற்காக ஒரு நாள் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். "டீச்சர், இது இனிமே பறக்கப்போறதில்லீங்க" என்றார் பாவம். "அது அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். மனிதர் பிரித்துத் திரும்பத் தைத்தார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயரே இல்லாத சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுங்கட்டும் என்று எல்லோருமாகத் தள்ளினோம். ஃபோர்மேன் சார்தான் தேங்காய் உடைத்தார்.

துணி தைத்த பிறகு அதன் மேல் ஒரு பூச்சு அடிப்பார்கள். மிட்டாய்க் கடை வாழைப்பழ எசன்ஸ் வாசனை அதற்கு. மத்தியானம் சாப்பிட்ட பின் எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போய்விட, நான் மட்டும் அந்த வாசனையில் விமானத்தின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். கூரைத் தகட்டின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாக விழும். தூசி அதில் மேலே போகும், இறங்காது. கண்ணை மூடினால் கொட்டகை மெல்லக் கழன்று கீழே போகும். எனக்குக் கீழே காவிரி இரண்டாகப் பிரியும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரச் சதுரமாக இருக்கும். இந்தப் பக்கம் திருவானைக்காவலின் தென்னைகள். எங்கள் மொட்டை மாடியில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். நிமிர மாட்டாள். நான் எவ்வளவு தாழப் பறந்தாலும் நிமிர மாட்டாள். அப்பா மட்டும் தவிடு படிந்த தலையோடு கொள்ளிடம் பாலத்தில் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து போவார். ரயிலும் நானும் ஒரே வேகத்தில் போவோம்.

அந்த அரைத் தூக்கத்தில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். அது கனவில்லை, நிஜமாக நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். நான் பாயில் படுத்துக்கொண்டு பார்க்கிறேன். அம்மா அடுப்படியில் குனிந்து அப்பாவுக்குச் சாப்பாடு கட்டுகிறாள். அப்பா காக்கி உடுப்பில் அவள் பின்னால் போய் நின்று, அவள் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவுகிறார். கொண்டை சரிகிறது. முல்லைப் பூ தரையில் சிதறுகிறது. "ஐயோ, என்னங்க இது, பாப்பா பாக்குறா!" என்கிறாள் அம்மா. "ஒண்ணு போனா என்ன, டஜனா வாங்கித் தரேன்" என்று சிரித்துக்கொண்டே அப்பா சைக்கிளில் ஏறிப் போகிறார். அப்பா சிரித்து எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். என் அப்பாவும் அம்மாவும் ஒரு காலத்தில் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே சாட்சி. அது எந்த நாள், எந்த மாதம் என்று நான் யோசித்ததே இல்லை. அழகாக இருப்பதை யார் தேதி கேட்பார்கள்?

கடைசியில் இடது கீழ் இறக்கையின் முறை வந்தது. அன்று காலை இரண்டு முக்காலிகளின் மேல் இறக்கையைக் கிடத்தியிருந்தார்கள். ஃபோர்மேன் சார் பழைய துணியைப் பிளேடால் ஒரு சாண் கீறினார். அறுபது வருஷத்துக் காற்று வெளியே வந்தது. வைக்கோலும் எலியும் கலந்த வாசனை. "உங்க கைதான் சின்னது டீச்சர். விட்டுப் பாருங்க" என்றார்.

விட்டேன். சட்டத்தின் மூலையில் விரல் நுனிக்குக் குளிர்ச்சியாக ஒன்று பட்டது. போல்ட். பக்கத்திலேயே நட்டு. இரண்டும் வயல் சேற்றில் விழவே இல்லை. இத்தனை வருஷமும் இறக்கைக்குள்ளேயேதான் கிடந்திருக்கின்றன. என் கையிலிருந்து வாங்கி ஃபோர்மேன் சார் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போல்ட் உடையவில்லை. மரை தேயவில்லை. குறுக்குத் துளை காலியாக, சுத்தமாக, எதிர்ச் சுவரைக் காட்டியது.

"பின் இல்லீங்க" என்றார். "எவனோ ஒருத்தன் போடாமலே விட்டுட்டான்."

எவனோ ஒருத்தன்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. ஃபோர்மேன் சார் மேல் இல்லை. நான் சொன்னது சரிதான், அப்பா மறந்துதான் போனார். மறந்ததோடு என் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொன்னார். அவ்வளவுதான், முடிந்தது. போய்ப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்க வேண்டியதுதான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த மூலையில ஒரு குளவிக் கூடு இருக்கு பாருங்க. அதையும் எடுத்துடுங்க, கவர்ல போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சீட்டுக் கட்டை எடுக்க மேசைக்குப் போனார்.

குளவிக் கூடுதான் இப்போது குறைச்சல் என்று நினைத்தேன். இருந்த ஆத்திரத்தில் ஒரே பிடியாகப் பெயர்த்தேன். காய்ந்த மண் உள்ளங்கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணுக்குள் ஒரு கம்பி இருந்தது. கறுப்பு வார்னிஷ் அங்கங்கே மிச்சம். இரண்டு கால். ஒரு கால் மடங்கிய இடத்தில் ஒடிந்திருந்தது. இன்னொரு கால் மடக்கிய மாதிரியே இருந்தது. அந்தக் காலில் நடுவே நெளி நெளியாக மூன்று வளைவு.

கொண்டை ஊசி.

ஸ்டோரில் அந்த வாரம் பின் இல்லை. காலையில் விமானம் போயாக வேண்டும். அப்பா துளையை வெறுமனே விடவில்லை.

என் அப்பா பொய் சொல்லவில்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் உயிரைக் கொண்டை ஊசியில் தொங்கவிட்டீர்களே அப்பா! மறந்திருந்தால்கூடத் தேவலையே! விசாரணையில் இதைச் சொல்லியிருந்தால் ஸ்டோர்காரனும் மாட்டியிருப்பான், அம்மாவின் தலையும் ஊர் வாயில் விழுந்திருக்கும். சொல்லாமல் மறதிக்காரன் என்ற பேரை வாங்கிக்கொண்டு லால்குடிக்கு ரயில் ஏறினார். அம்மாவோ, அதற்குப் பிறகு தலையில் ஊசி குத்தவே இல்லை. "வெச்சா தலை வலிக்குது" என்பாள். அதனால்தான் அவள் கொண்டை நின்றதே இல்லை. அன்று என்னை அறைந்துவிட்டு அவள் சொல்ல வந்ததையும் அப்பா சொல்ல விடவில்லை.

என் கைப்பை காலடியில் திறந்து கிடந்தது. யாரும் பார்க்கவில்லை. ஊசியை உள்ளே போட்டுவிட்டால், எவனோ ஒருத்தன் பின் போட மறந்தான் என்பதோடு கதை முடிந்துவிடும். மறதி சின்னக் குற்றம். அம்மாவும் இதில் வர மாட்டாள். கை பை வரைக்கும் போனது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஃபோர்மேன் சார் கவரும் சீட்டுமாக வந்துவிட்டார். நான் கையை விரித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது? பொம்பளைங்க தலையில வெக்கிறதுல்ல? இங்க எப்படி வந்துச்சு?"

நான் அவர் கையிலிருந்து சீட்டை வாங்கினேன். என்ன பொருள்: கொண்டை ஊசி, ஒடிந்தது, ஒன்று. எங்கிருந்தது: இடது கீழ் இறக்கை, மடல் போல்ட்டின் துளைக்குப் போட்டது. எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். யாருடையது என்ற இடத்தில் வழக்கம்போல 'தெரியவில்லை' என்று எழுதாமல், ஒரு பெயரை எழுதினேன். நான்கே எழுத்து, வகுப்பில் போர்டில் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாக எழுதினேன்.

ஃபோர்மேன் சார் அதைப் படித்தார். தூரத்தில் விமான நிலையத்திலிருந்து ஒன்று கிளம்பிப் போனது. கொட்டகைத் தகடு அதிர்ந்தது. அது போய் முடியும் வரை காத்திருந்து, "யாருங்க டீச்சர் இது?" என்றார்.

"எங்கம்மாங்க சார். எங்கப்பாதான் இதுக்கு மெக்கானிக். அன்னிக்குக் காலையில அம்மா தலையிலேருந்து உருவி எடுத்துக்கிட்டுப் போனாரு." அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். "வேற யாரும் பாக்கல. நான் பாத்தேன்."